நேராக நிற்பதன் நன்மைகள்

எங்கள் வீட்டில் ஒரு முடிவு எடுக்கப்பட்டிருக்கிறது. முதியோர், நடுவயதினர், இளையோர் என்று மூன்று தரப்பும் கூடத்தில் கூடி, மறுப்புகளைக் கேட்டு, இடையில் தேநீருக்காக ஒத்திவைத்து, மறுபடியும் கூடி, கடைசியில் ஒருமனதாக அறிவித்தார்கள்: ஊதா நிறப் பாய் தொலைக்காட்சிக்கும் செருப்பு அடுக்குக்கும் நடுவில் விரிக்கப்படும். அதன்மேல் நான் விரிக்கப்படுவேன். முதியோர் தரப்பில் இருப்பது நான் ஒருவன்தான். என் கருத்தை யாரும் கேட்கவில்லை. அதனால்தான் முடிவு ஒருமனதாக அமைந்தது.

தீர்மானத்தைக் கொண்டுவந்தவள் என் பேத்தி மாலினி. குருணிலிருந்து தினமும் காரில் அலோர் ஸ்டாருக்குப் போய் வங்கியில் வேலை பார்க்கிறாள். என் முதுகைப் பற்றிய கவலை அவளுக்கு நெடுஞ்சாலையில் வந்ததாம்.

"தாத்தா, இதுக்குப் பேரு பிலாட்டிஸ். யோகா மாதிரி, ஆனா யோகா இல்லலா. வயசானவங்களுக்கு ரொம்ப நல்லது. கேளுங்க, படிக்கிறேன்."

கைப்பேசியிலிருந்து படித்தாள். முதுகெலும்பு நேராகும். வயிற்றுத் தசைகள் உறுதிப்படும். மூச்சு ஆழமாகும். மனம் அமைதியடையும், தூக்கம் வரும். கீழே விழுவது குறையும். உடலும் உள்ளமும் ஒன்றுக்கொன்று இசைந்து நடக்கும். நான் தலையாட்டிக்கொண்டே பாயின் உறையைப் பிரித்தேன். இயற்கை ரப்பரில் செய்தது என்று அச்சிட்டிருந்தது. அச்சிட்டிருக்கத் தேவையில்லை. வாசனை கூடம் முழுவதும் பரவியது. புகைபோட்டு உலர்த்திய ரப்பர் ஷீட்டின் வாசனை. உனக்குத் தெரிந்த வாசனை.

அந்த வாசனைக்கும் உனக்கும் என்ன தொடர்பு என்று மாலினிக்கு நான் விளக்கவில்லை. அவளுக்கு மறுநாள் காலையில் ஒரு கூட்டம் இருந்தது. ஆனால் அவள் படித்த நன்மைகள் அனைத்தையும் நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன். ஏறக்குறைய இதே வரிசையில், பாடாங் மேஹா ரப்பர்த் தோட்டத்தில், ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில், உன் வாயால்.

வெள்ளைக்கார மேனேஜர் தன் நாயையும் இசைத்தட்டுப் பெட்டியையும் காரில் ஏற்றிக்கொண்டு தெற்கே போனபின், தோட்டம் கொஞ்ச காலம் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடந்தது. நாம் அப்போதும் விடியுமுன் எழுந்து பெரட்டுக்குப் போனோம். வரிசையில் நிற்பது, பேர் கூப்பிட்டால் குரல் கொடுப்பது, யாருக்கு எந்த நிரை மரம் என்று கங்காணி பிரித்துக் கொடுப்பதை வாங்கிக்கொண்டு கலைவது, இதுதான் பெரட்டு. கங்காணிக்குத் தொண்டை போய்ப் பல காலம் ஆகியிருந்தது. அவர் உதட்டை அசைப்பார், நீ கூப்பிடுவாய். உன் குரலுக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்திலிருந்தும் ஒருவன் பதில் சொன்னதாக ஒரு கதை உண்டு. வெட்டுவதற்கு மரம் இருந்தது, பாலை வாங்குவதற்குத்தான் உலகத்தில் ஆளில்லை. ஆனாலும் வரிசையில் நின்றோம். நிற்காவிட்டால் அன்றைய பொழுது விடிந்ததாகக் கணக்கில்லை.

அந்த வரிசையின் முன்னால்தான் ஒருநாள் மாஸ்டர் வந்து நின்றார். ஜப்பான்காரர்தான், ஆனால் பட்டாளத்துக்காரர் அல்ல. தன் ஊரில் பள்ளிக்கூடத்துக்கு உடற்பயிற்சி வாத்தியார் என்றார்கள். அதனால் நாமும் மாஸ்டர் என்றோம். குட்டையான மனிதர், மூக்குக் கண்ணாடி, துவைத்துத் துவைத்து வெளுத்த உடுப்பு. தோட்டத்தை அவரிடம் ஒப்படைத்திருந்தார்கள். ரப்பரைப் பற்றி அவருக்கு ஒன்றுமே தெரியாது. அன்றைய நிலையில் அது ஒரு குறையாக யாருக்கும் படவில்லை. பாதி மரங்களைச் சாய்த்து மரவள்ளி நடச் சொன்னார், நட்டோம். அதன்பின் அவர் நம்மை ஏற இறங்கப் பார்த்தார். அவர் கண்ணில் பட்டது நம்முடைய பசியோ, இடுப்பில் கட்டியிருந்த கோணிச்சாக்கோ அல்ல. நம் தோள்கள்.

பால்வாளிகளைக் காண்டாக்கட்டையின் இரு முனையிலும் தொங்கவிட்டு, அந்தக் கட்டையை ஒரே தோளில் சுமந்த கூட்டம் நாம். ஒருவருக்கும் இரண்டு தோளும் ஒரே உயரத்தில் இல்லை. மாஸ்டருக்கு அது பொறுக்கவில்லை. நாளை முதல் பெரட்டில் வேலை பிரிக்குமுன் உடற்பயிற்சி என்று உத்தரவு போட்டார். அவருக்குத் தெரிந்த மலாய் கொஞ்சம். அதைத் தமிழாக்கி உரக்கச் சொல்லவும், அவர் மொழியில் இச்சி, நி, சான், ஷி என்று எண்ணிக்கை கூப்பிடவும் உன்னைப் பிடித்தார். உன் குரலுக்காகத்தான்.

"பாடான் குவாட், ஹாத்தி செனாங்!" என்பார் மாஸ்டர், நெஞ்சில் தட்டி.

"ஒடம்புக்கு ஒரம், மனசுக்கு லேசுன்னு சொல்றாரு!" என்பாய் நீ.

"சோத்துக்கு என்ன சொல்றாரு?" என்று வரிசைக்குள்ளிருந்து ஒரு குரல் வரும். அதை நீ மலாயில் பெயர்க்கமாட்டாய்.

அலுவலகத்தில் கணக்கெழுதும் சின்னக் கிராணியாக இருந்த எனக்கும் விலக்கில்லை. பேனா பிடித்த தோளும் தோள்தான் என்பது மாஸ்டரின் கொள்கை. கையைத் தூக்கினோம், குனிந்தோம், பக்கவாட்டில் வளைந்தோம், குதித்தோம். உடற்பயிற்சியை வெறும் வயிற்றில் செய்வதே சிறப்பு என்றார். அந்த வசதியில் நாம் யாருக்கும் குறைந்தவர்களல்ல.

மழை நாட்களில் புகைக்கொட்டகைக்குள் கூட்டிப்போவார். கப்பலுக்குக் காத்துக்கிடந்த ரப்பர் ஷீட்டுகளைத் தரையில் விரிக்கச் சொல்லி, ஆளுக்கொன்றில் மல்லாக்கப் படுக்க வைத்தார். அவர் ஊர்ப் பயிற்சியில் இது இருந்ததா, மழைக்காக அவரே கற்பித்ததா, தெரியாது. முதுகெலும்பை ஒவ்வொரு கணுவாகத் தரையில் வைக்கவேண்டும். மூச்சை விலாவுக்குள் இழுத்து மெல்ல விடவேண்டும். வயிற்றை முதுகோடு ஒட்டவேண்டும். இந்தக் கடைசிப் பாடத்தில் தோட்டமே முதல் நாளில் தேறியது.

நீ மட்டும் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. கூப்பிடுகிறவன் சும்மா நின்று கூப்பிட்டால் போதும். நீயோ முன்னால் நின்று அத்தனையும் செய்தாய். கொஞ்ச நாளில் உன் இடுப்புப் பிடிப்பு போயிற்று. இரண்டு தோளும் ஒரே மட்டத்துக்கு வந்தன. கழுத்து எங்கிருந்தோ வெளியே வந்தது. உன் வீட்டுக்காரி பாக்கியம் குழாயடியில் எல்லாரும் கேட்கச் சொன்னாள்: "கல்யாணத்தப்ப இம்புட்டு ஒசரம் இல்லியே நீங்க! யாரு வீட்டு ஆளுங்க நீங்க, வழி தவறி எங்க லயத்து வீட்டுக்கு வந்துட்டீங்களா?"

நீ என்னிடம் தனியாக வேறு சொன்னாய். மரவள்ளிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தோம்.

"டேய் கிராணி, சிரிக்காத. அந்த மூச்சு விடுறது இருக்கே, அதைச் செஞ்சா பசி கொஞ்சம் தள்ளி நிக்குதுடா."

"எவ்வளவு தள்ளி?"

"ஒரு கை தூரம்."

நான் சிரித்தேன். படித்தவன் சிரிக்கவேண்டிய இடம் என்று நினைத்தேன். அன்று மாலை வீட்டில் செய்து பார்த்தேன். நீ சொன்ன தூரம் சரியாக இருந்தது.

முதல் லாரி அதற்கு முன்பே வந்துபோயிருந்தது. அரிசி தருகிறோம், ஆண்கள் மட்டும் வாருங்கள் என்றார்கள். போனவர்களை அப்படியே ஏற்றிக்கொண்டு சயாமுக்கு ரயில்பாதை போடக் கொண்டுபோனார்கள். மூன்று மாத வேலை என்று சொல்லப்பட்டது. மூன்று மாதம் கழிந்து, தீபாவளி கழிந்து, தைப்பூசமும் கழிந்தது. ஒருவரும் திரும்பவில்லை. குலீம் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு ஒருவன் தப்பி வந்ததாகவும், அவன் வாய் திறந்து பேசுவதில்லை என்றும் தகவல் மட்டும் வந்தது. அதன்பிறகு அரிசி என்ற சொல்லைக் கேட்டாலே ஆண்கள் காட்டுக்குள் ஓடினார்கள்.

இப்படியிருக்கையில் ஒருநாள் பயிற்சி முடிந்ததும் மாஸ்டர் உன்னை நிறுத்திவைத்துப் பேசினார். அவர் முகம் பரிசு வாங்கப்போகிற பிள்ளையின் முகம்போல் இருந்தது. நீ என்னைத் தேடி அலுவலகத்தின் பின்புறம் வந்தாய்.

"அடுத்த வாரம் அலோர் ஸ்டாருலேர்ந்து லெப்டினன்டு வர்றானாம். நம்ம பயிற்சியைப் பாக்க."

"பார்த்துவிட்டுப் போகட்டும்."

"பாத்துட்டு, நல்லா செய்றவனையெல்லாம் பொறுக்கி சயாமுக்கு அனுப்புவானாம். கௌரவம்னு சொல்றாருடா இவரு. சந்தோசமா சொல்றாரு. அங்க நல்ல காத்து, ஆறு இருக்குதாம்."

"நல்லாச் செய்யாதவன்?"

"அவனால என்ன பிரயோசனம்? இங்கயே கெடப்பான்."

நீ கொஞ்ச நேரம் ரப்பர்க் கொட்டை ஒன்றைக் காலால் உருட்டிக்கொண்டிருந்தாய். பிறகு சொன்னாய்: "மறக்கச் சொல்லித்தரணும்டா."

அன்று சாயங்காலமே புகைக்கொட்டகையின் பின்னால் வரிசையில் இருந்த ஆண்களைக் கூட்டினாய். விஷயத்தைச் சொன்னாய். ஓடிவிடலாம் என்று ஒருவர் சொன்னார். ஓடினால் பெண்பிள்ளைகளை நிறுத்தி விசாரிப்பார்கள் என்றார் இன்னொருவர். கெட்டுப்போன உடம்பாகத் தெரிவது ஒன்றுதான் வழி என்றாய். எல்லாரும் நொண்டுங்கள் என்றாய். இச்சி என்றாய்.

நானும் அந்த வரிசையில்தான் நின்றேன். அப்படியொரு காட்சியை அதற்குப் பின்பு எங்கும் பார்த்ததில்லை. இச்சிக்கு எல்லாரும் இடதுகாலை இழுத்தார்கள். நிக்கு எல்லாரும் முனகினார்கள். சானுக்கு எல்லாரும் இருமினார்கள். ஒரு கால் முந்தவில்லை, ஓர் இருமல் பிந்தவில்லை. பிறந்தது முதல் பெரட்டில் நின்ற உடம்புகள். ஒன்றாகச் சேர்ந்து கெட்டுப்போவதைத் தவிர அவற்றுக்கு வேறு விதமாகக் கெட்டுப்போகத் தெரியவில்லை.

"நாசமாப் போச்சு!" என்று தலையில் கை வைத்தாய். "இதுக்கு நல்லா செஞ்சே தொலைக்கலாம்! எவன்யா நம்புவான், தோட்டமே தாளம் போட்டு நொண்டுதுன்னா?"

"நீ இச்சின்னா நாங்க என்னண்ணே பண்றது? காலு தானா போவுது," என்றான் முனியாண்டி. அவன்தான் தோட்டத்திலேயே நல்ல உடற்கட்டுள்ளவன். அதைத் தோட்டத்துக்கு அடிக்கடி நினைவுபடுத்தும் வழக்கமும் அவனுக்கு உண்டு.

அப்போது நீ கங்காணியைப் பார்த்தாய். அவர் ஓரமாக நின்றுகொண்டு, பழக்க தோஷத்தில் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். உனக்கு வழி கிடைத்தது. நிரை பிரிக்கிற மாதிரி நோயைப் பிரித்தாய். வரிசையின் தலையிலிருந்து தொடங்கி ஒவ்வொருவரையாகக் கூப்பிட்டு, குரல் கொடுத்ததும் ஒன்றை ஒப்படைத்தாய். உனக்கு முழங்கால், என்றாய் ஒருவனிடம். உனக்கு இடுப்பு. உனக்கு மூச்சு முட்டல். உனக்குக் கை தோளுக்கு மேலே போகாது. உனக்குக் காது மந்தம், எதையும் ஒரு எண்ணிக்கை பிந்திச் செய். கிராணியான எனக்குக் கிடைத்தது: வலது தோள் கீழே, இடது முழங்கால் நிமிராது. மரம் பிரிக்கும்போது போலவே இதிலும் தகராறு வந்தது.

"இருமல் எனக்கு வேணாண்ணே," என்றான் முனியாண்டி. "பொம்பளைங்க எல்லாம் நிப்பாங்க. கொஞ்சம் கௌரவமா வேற ஏதாச்சும் குடு."

"காய்ச்சல் இருக்கு, எடுத்துக்கிறியா?"

"அது வெளிய தெரியாதே."

"அப்ப இருமு."

"ஒனக்குத் தனியா நோய் வேற குடுக்கணுமா?" என்று கொட்டகை மூலையிலிருந்து அவன் பெண்சாதி கேட்டாள். "மூஞ்சியை மட்டும் அப்படியே வச்சுக்க, போதும்."

எல்லாருக்கும் பிரித்து முடித்தபின் நான் கேட்டேன்: "உனக்கு?"

"மிச்சம் இருக்கறது எனக்கு," என்றாய். கங்காணிமார் வழக்கமாகச் சொல்கிற பதில். எண்ணிக்கை கூப்பிடுகிறவனை யாரும் குனியச் சொல்லமாட்டார்கள், மாஸ்டர் பக்கத்தில் தள்ளி நின்றுகொள்ளலாம் என்பது உன் கணக்கு. அந்தக் கணக்கில் எனக்கும் தவறு தெரியவில்லை.

அந்த வாரம் முழுவதும் காலையில் நேராக நிற்கவும் மாலையில் கோணலாக நிற்கவும் கற்றோம். பயிற்சி என்ற முறையில் பார்த்தால் இரண்டாவதே கடினம். ஒரு தோளை மட்டும் தளர்த்தி மற்றதை விறைப்பாக வைக்க, உடம்பின் ஒவ்வொரு தசையும் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கவேண்டும். மூச்சு முட்டுகிறவன் உண்மையில் மூச்சை நன்றாக அடக்கத் தெரிந்தவனாக இருக்கவேண்டும். இதையெல்லாம் நீ ஒவ்வொருவரின் பின்னாலும் நின்று, விலாவில் கைவைத்துச் சொல்லிக்கொடுத்தாய். "வலிக்கிற மாதிரி நடிக்காதடா. வலியை ஒளிக்கிற மாதிரி நடி. அப்பதான் வலி தெரியும்," என்று என்னிடம் சொன்னாய். மாலினியின் கைப்பேசியில் இந்த அளவுக்கு நுட்பமான குறிப்பு எதுவும் இல்லை.

லெப்டினன்டு வந்தார். இடுப்பில் வாள், பின்னால் ஒரு காலி லாரி. மாஸ்டர் வெளுத்த உடுப்பை மறுபடியும் வெளுத்துப் போட்டிருந்தார். பெண்கள் ஒரு பக்கம் நிறுத்தப்பட்டார்கள். நீ மாஸ்டருக்குப் பக்கத்தில் நின்று எண்ணிக்கை கூப்பிட்டாய்.

நாங்கள் அவரவர் நோய்க்கு உண்மையாக இருந்தோம். முழங்கால்கள் மடங்க மறுத்தன. கைகள் பாதியில் நின்றன. காது மந்தமானவர் எண்ணிக்கை முடிந்தபின் குதித்தார். முனியாண்டியும் இருமினான், ஒரு கண் பெண்கள் பக்கம் இருந்தாலும். லெப்டினன்டு முதலில் திகைத்தார், பிறகு சிரித்தார், பிறகு மாஸ்டரிடம் ஏதோ கேட்டார். மாஸ்டர் பதில் சொல்லத் தொடங்குமுன் லெப்டினன்டு அவர் கன்னத்தில் அறைந்தார். கண்ணாடி மண்ணில் விழுந்தது. மாஸ்டர் அதை எடுக்காமல் விறைப்பாக நின்றார். தோள்கள் இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்தன.

லெப்டினன்டு வரிசைக்கு வந்தார். "செமுவா சக்கித்?" என்றார். எல்லாருக்குமா நோய்?

"செமுவா சக்கித், தூவான்," என்றாய் நீ.

அவர் நம்பவில்லை. இத்தனை நாள் பயிற்சி செய்தும் ஒருவன்கூடத் தேறவில்லையா என்று கேட்டார். வரிசை நெடுக நடந்து முனியாண்டியின் முன்னால் நின்றார். அவன் நெஞ்சில் விரலால் குத்திப் பார்த்தார். தோட்டத்திலேயே நல்ல நெஞ்சு. மறுபடியும் செய், நீ மட்டும் என்று சைகை காட்டினார். முனியாண்டி உன்னைப் பார்த்தான். அவனுக்கு இருமல் மறந்துவிட்டது என்பது வரிசையில் எல்லாருக்கும் தெரிந்தது. பயத்தில் அவன் உடம்பு தனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்யத் தொடங்கியது. நிமிர ஆரம்பித்தது. அவன் நிமிர்ந்தால் மற்றவர்களின் முழங்கால்களையும் தட்டிப் பார்ப்பார்கள். லாரி பெரியது.

அப்போதுதான் நீ முன்னால் வந்தாய். யாரும் உன்னைக் கூப்பிடவில்லை.

"தூவான்," என்றாய். மலாயில் பேசினாய். இவர்கள் முன்பே கெட்டுப்போன ஆட்கள், பயிற்சியில் குற்றமில்லை, பயிற்சி நல்லது, என்னைப் பாருங்கள் என்றாய். பிறகு நீயே எண்ணிக்கை கூப்பிட்டு, நீயே செய்தாய். முதலிலிருந்து கடைசி வரை. கை தூக்கியது, குனிந்தது, வளைந்தது, குதித்தது எதிலும் ஒரு குறையில்லை. வெயிலில் உன் நிழலும் நேராக இருந்தது. கடைசி மூச்சை மெல்ல, நெடுநேரம் விட்டாய். முடித்ததும் மாஸ்டர் பக்கம் திரும்பித் தலை வணங்கினாய்.

"பாகூஸ்," என்றார் லெப்டினன்டு. நல்லது என்று பொருள். லாரியைக் காட்டினார்.

ஏறுகிறவர்களுக்குக் கைகொடுக்க ஒரு சிப்பாய் நின்றான். உனக்குத் தேவைப்படவில்லை.

எங்களுக்காகத்தான் அப்படிச் செய்தாய் என்று தோட்டத்தில் பிற்பாடு பேசிக்கொண்டார்கள். முனியாண்டி அதைச் சொல்லும்போதெல்லாம் அழுவான். அப்போது அவனுக்கு உண்மையாகவே இருமல் வரும். நான் இந்த விஷயத்தை அவசரமின்றி யோசித்திருக்கிறேன். இன்னொன்றுக்கும் இடமிருக்கிறது. அந்தப் பயிற்சியைப் பழித்ததை உன்னால் தாங்கமுடியாமல் போயிருக்கலாம். நீ அதை நம்பினாய். மாஸ்டர் அறை வாங்கியபோது உன் முகத்தை வரிசையிலிருந்து பார்த்தவன் நான், அறை உனக்கு விழுந்ததுபோல் இருந்தது. பாக்கியத்தின் கருத்தும் இதுதான். "அந்தாளுக்கு அது மேல கிறுக்கு," என்றாள். "அதை நொட்டை சொன்னா பொறுத்துக்கிட்டு நிக்க மாட்டாரு. நல்ல பேரு வாங்கிக் குடுக்கத்தான் போனாரு." அவள் அழவில்லை. இரண்டு காரணமும் ஒன்றாகவே இருந்திருக்கலாம். லாரிக்கு அந்த வேறுபாடு தேவைப்படவில்லை.

மறுநாள் பெரட்டில் மாஸ்டரே எண்ணிக்கை கூப்பிட்டார். குரல் கடைசி வரிசைக்கு எட்டவில்லை. நாங்கள் கோணலாகவே செய்தோம். ஒரே இரவில் குணமாவதற்கு யாரிடமும் காரணமில்லை. அடுத்த நாளும் இல்லை, அடுத்த மாதமும் இல்லை. லெப்டினன்டு எப்போது வேண்டுமானாலும் வரலாம். அதனால் ஜப்பான்காரன் சரணடையும் வரை தினமும் காலையில், அவரவருக்கு நீ பிரித்துக் கொடுத்ததை அவரவர் விடாமல் செய்துவந்தோம். மாஸ்டரை அழைத்துப்போக லாரி வந்த அன்று அவர் வரிசைக்கு முன்னால் நின்று தலை வணங்கினார். நாங்களும் வணங்கினோம், கோணலாக. அவர் எங்களைப் பற்றி என்ன நினைத்தார் என்று தெரியாது. நன்மைகளைச் சொல்லும் வேலையை அவர் அதற்கு வெகுகாலம் முன்பே நிறுத்தியிருந்தார்.

போர் முடிந்தபின் நான் குருணுக்கு வேலை மாறி வந்தேன். ரயிலடிக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் ஒருவரைச் சந்தித்தேன். சயாமிலிருந்து திரும்பியவர், வேறு தோட்டத்துக்காரர். காலில் புண் ஆறாமல் இருந்தது. அங்கே உன்னைப்போல் ஒருவரைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். பேரைச் சொன்னேன். பேரெல்லாம் யாருக்குத் தெரியும் என்றார். பிறகு சாப்பிட்டுக்கொண்டே ஒன்று சொன்னார்.

"எங்க கொட்டகையில ஒருத்தரு இருந்தாருங்க. சாயங்காலமானா எல்லாரையும் மூங்கித் தட்டியில மல்லாக்கப் படுக்கச் சொல்லுவாரு. மூச்சை உள்ள இழு, மெல்ல விடுன்னு எண்ணுவாரு. சப்பான்காரன் எண்ணுற மாதிரியே எண்ணுவாரு, கேட்டாக் கோவம்தான் வரும். முதல்ல திட்டுனோம். அப்புறம் அவரு எண்ணலேன்னா தூக்கம் வராது. காய்ச்சக்காரன்கூட அந்த நேரத்துக்குக் கொஞ்சம் அடங்குவான்."

"பெரிய குரலா?"

"ஆரம்பத்துல பெரிய குரலுதான். அப்புறம் பக்கத்துல படுத்தவனுக்குத்தான் கேக்கும். அவன் கேட்டு அடுத்தவனுக்குச் சொல்லுவான்."

"அவர் என்ன ஆனார்?"

அவர் இலையை மடித்தார். "எண்ணிக்கிட்டேதான் இருந்தாரு. ஒருநாளு எண்ணலை," என்றார்.

அது நீயா என்று எனக்கு உறுதியில்லை. பெரிய குரல்கள் எத்தனையோ லாரிகளில் போயிருக்கின்றன. பாக்கியத்திடம் சொல்லவேண்டுமென்று பாடாங் மேஹாவுக்கு மறுபடியும் போனேன். அவள் கேட்டாள். "எத்தனை வரைக்கும் எண்ணுவாருன்னு கேட்டீங்களா?" என்றாள். நான் கேட்கவில்லை. "நாலு வரைக்கும்தான் எண்ணுவாரு," என்றாள். "அதுக்கு மேல மூச்சுக்குத் தேவையில்லைம்பாரு."

இப்போது பாய்க்கு வருகிறேன்.

பாயை வாங்கிவிட்டதாலேயே சேர்த்துக்கொள்ள மாட்டார்களாம். முதியோர் வகுப்பில் சேருமுன் பயிற்சியாளர் ஒருமுறை நேரில் பார்த்து, தகுதி சொல்லவேண்டும். அதற்காக மாலினி ஒரு சனிக்கிழமை என்னை அலோர் ஸ்டாருக்குக் கூட்டிப்போனாள். மருந்துக்கடைக்கு மேல் மாடி, ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. பயிற்சியாளர் இளம்பெண், நல்ல பெண். கையில் ஒன்றும் இல்லாமல், சிரித்த முகத்தோடு என் முன்னால் வந்து நின்றாள்.

"தாத்தா, பயப்பட ஒண்ணும் இல்லலா. சும்மா நேரா நில்லுங்க. நான் பாக்கணும், அவ்ளோதான்."

நேராக நிற்க எனக்குத் தெரியும். வீட்டில், யாரும் இல்லாத நேரத்தில், தொலைக்காட்சிக்கும் செருப்பு அடுக்குக்கும் நடுவில், அந்தப் பாயின்மேல் நின்று பார்த்திருக்கிறேன். இரண்டு தோளும் ஒரே மட்டத்துக்கு வருகின்றன. முதுகெலும்பைக் கணுக்கணுவாகத் தரையில் வைக்கவும் முடிகிறது. நான்கு வரை எண்ணி மூச்சும் விடுகிறேன். நீ சொன்ன நன்மைகள் எல்லாம் உண்மை. ஆனால் அவள் பார்க்க வந்ததும், அன்று நீ எனக்குப் பிரித்துக் கொடுத்ததை எடுத்துக்கொண்டு நின்றேன்.

அவள் ஓர் அடி பின்னால் போய், தலையைச் சாய்த்து, என்னை மேலிருந்து கீழே பார்த்தாள். "இன்னும் கொஞ்சம் நிமிருங்க தாத்தா. அந்தத் தோளைத் தூக்குங்க. முடியலையா? அந்த முட்டி? வலிக்குதா?"

"இல்லை," என்றேன், வலியை ஒளிப்பவனைப்போல.

அவள் மாலினியைத் தனியே அழைத்துப்போய்ப் பேசினாள். தாத்தாவின் உடம்பு இந்த வகுப்புக்கு ஒத்துவராது என்று சொன்னாளாம்.

பாய் இப்போது சலவை இயந்திரத்தின் அடியில் இருக்கிறது. சத்தம் குறைந்திருக்கிறது.